ஈராக்கிலிருந்து படையைத் திருப்பி அழைத்தது யார், புஷ்ஷா ஒபாமாவா?

மணல்மேடு:

போன வாரம் ஒரு புதுமனை புகுவிழா. சாப்பாடு முடிந்து வெற்றிலை மடிக்கும் நேரத்தில் பேச்சு எப்படியோ அமெரிக்க அரசியலுக்குப் போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் டல்லாஸில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவராம். "ஒபாமா ஈராக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார், அதனால்தான் ஐ.எஸ். தீவிரவாதிகள் வந்தார்கள்" என்று ஒரே வரியில் கதையை முடித்தார், சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை. வழக்கம்போல வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எல்லாப் பதிலும் வந்தது, அதை இங்கே கொட்டுகிறேன்.

2007 மே 1. ஜனநாயகக் கட்சி கையில் இருந்த நாடாளுமன்றம் போருக்குப் பணம் ஒதுக்கும் மசோதாவோடு ஒரு காலக்கெடுவையும் சேர்த்து அனுப்புகிறது: அந்த வருடம் அக்டோபர் 1க்குள் படை விலக்கம் தொடங்க வேண்டும், ஆறு மாதத்தில் போர்ப்படைகள் வெளியேறுவதை இலக்காகக் கொள்ள வேண்டும். கீழவையில் 218-208, மேலவையான செனட்டில் 51-46. அப்போதைய அதிபர், குடியரசுக் கட்சியின் புஷ், அதை வீட்டோ செய்தார், அதாவது தன் அதிகாரத்தால் தடுத்துவிட்டார். தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டால் எதிரி நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு காத்திருப்பான் என்பது அவர் சொன்ன காரணம். கையெழுத்துப் போட்ட பேனா கூட, ஈராக்கில் இறந்த ஒரு மரீன் வீரரின் தந்தை கொடுத்தது.

சரி. அதே புஷ் அரசு 2008 நவம்பரில் பாக்தாதில் ஓர் ஒப்பந்தம் போடுகிறது. 2009 ஜூன் 30க்குள் நகரங்களை விட்டு விலக வேண்டும், 2011 டிசம்பர் 31க்குள் நாட்டை விட்டே போக வேண்டும். நாள், மாதம், வருடம் எல்லாம் போட்டு. அந்த டிசம்பரில் புஷ் பாக்தாத் போய் ஈராக் பிரதமர் மாலிகியோடு நின்றபோதுதான் ஒரு பத்திரிகையாளர் இரண்டு ஷூக்களையும் கழற்றி எறிந்தார். ஷூ எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, அவர் எதற்காக அங்கே போனார் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

2011 டிசம்பர் 18 அன்று கடைசி வண்டி குவைத் எல்லையைத் தாண்டியது. ஒப்பந்தக் கெடுவுக்குப் பதின்மூன்று நாள் முன்னால். ஆக ஒபாமா ஓடிய தேதி என்பது புஷ் எழுதிக் கொடுத்த தேதி. என் வாதம் இவ்வளவுதான். அடிக்க வருபவர்கள் வரலாம்.

டெக்சாஸ்_மாமா:

அந்த டல்லாஸ்காரர் நான் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆஸ்டின் பக்கம், ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது.

தம்பி, தேதிக்கும் தேதிக்கும் வித்தியாசம் உண்டு. 2007 ஏப்ரலில் பாக்தாத் எப்படி இருந்தது என்று பாருங்கள். முந்தின வருடம் பிப்ரவரியில் சமாராவில் அஸ்கரி தர்காவின் பொற்குவிமாடத்தைத் தகர்த்ததிலிருந்து ஷியா-சன்னி படுகொலை ஒவ்வொரு தெருவிலும் நடந்துகொண்டிருந்தது, காலையில் பிணம் பொறுக்குவதே போலீஸுக்கு வேலை. அந்த நேரத்தில் போகிறோம் என்று அறிவிப்பது வேறு. புஷ் அதற்கு நேர் எதிராக, சொந்தக் கட்சியிலேயே பாதிப் பேர் முகம் சுளிக்க, ஐந்து பிரிகேடுகளைக் கூடுதலாக அனுப்பினார். சர்ஜ் என்று பேர் வைத்தார்கள். மொத்தப் படை 2007 கடைசியில் ஏறக்குறைய 1,70,000 வரை போனது. 2008 நவம்பரில் அவர் அரசு கையெழுத்துப் போடும்போது வன்முறை எவ்வளவோ இறங்கிவிட்டது. தோற்றுக்கொண்டிருக்கும்போது தேதி குறித்தால் அது ஓட்டம், கொஞ்சம் நிமிர்ந்த பிறகு குறித்தால் அது ஒப்பந்தம். இந்த ஒன்றைத்தான் செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த ஹேரி ரீட் ஒப்புக்கொள்ளவே இல்லை. சர்ஜ் படைகள் முழுசாக வந்து சேரும் முன்பே, ஏப்ரலிலேயே போர் தோற்றுவிட்டது என்று அறிவித்துவிட்டார். களத்தில் இருப்பவன் அதைக் கேட்டால் என்ன நினைப்பான்?

நிலாமுற்றம்:

மாமா, சர்ஜ்தான் எல்லாவற்றையும் சரி செய்தது என்பது வாஷிங்டனில் உட்கார்ந்து எழுதிய கதை. அன்பார் மாகாணத்துச் சன்னி பழங்குடித் தலைவர்கள் அல்-காய்தாவுக்கு எதிராகத் திரும்பியது 2006-லேயே ரமாதியில் தொடங்கிவிட்டது, புஷ் தொலைக்காட்சியில் சர்ஜ் அறிவித்தது 2007 ஜனவரி 10. அப்புறம் அந்தத் தலைவர்களின் ஆட்களுக்கு மாதம் சுமார் 300 டாலர் சம்பளம் கொடுத்து, நேற்று வரை அமெரிக்கர்களைச் சுட்டவர்களில் பலரையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கொண்ட காவல்படை ஆக்கினார்கள். 2007 ஆகஸ்டில் ஷியா மதத்தலைவர் முக்ததா அல்-சதர் தன் படையை நிறுத்தி வைத்தார். பாக்தாதில் கலப்பாக வாழ்ந்த பேட்டைகள் அதற்குள் பிரிந்தே போயிருந்தன, கொல்வதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் மிச்சமில்லை. இத்தனையும் சேர்ந்து இறங்கிய வன்முறை அது. கூடுதல் படைக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே 2007-தான் அமெரிக்கப் படைக்கு ஈராக்கில் அதிக உயிர் போன வருடம், தொள்ளாயிரம் பேருக்குப் பக்கம்.

இதைச் சொன்னதால் என்னை ஜனநாயகக் கட்சி ஆள் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். அந்தக் காலக்கெடு மசோதாவுக்குக் கீழவையில் ஓட்டுச் சேர்த்த அழகு தெரியுமா? மார்ச்சில் நிறைவேறிய வடிவில் கீரை விவசாயிகளுக்கு 25 மில்லியன் டாலர், வேர்க்கடலை கிடங்குக்கு 74 மில்லியன். போரை நிறுத்தும் சட்டத்தில் கீரையும் கடலையும். நம் ஊர்க் கவுன்சிலர் தோற்றார்.

பழைய_கணக்கு:

கீரைக் கணக்கு சரி, கடலைக் கணக்கு சரி. நான் பெரிய கணக்குக்கு வருகிறேன்.

இந்தப் போரைத் தொடங்க அனுமதி கொடுத்த ஓட்டு 2002 அக்டோபரில். கீழவை 296-133, செனட் 77-23. கீழவையில் ஜனநாயகக் கட்சியில் பெரும்பான்மை எதிர்த்தது, 126 பேர். ஆனால் செனட்டில் அதே கட்சியில் 29 பேர் ஆதரவு, 21 பேர்தான் எதிர்ப்பு. ஆதரித்தவர் பட்டியலில் ஹிலாரி, கெர்ரி, பைடன், மேலே மாமா சொன்ன ஹேரி ரீட். 2004-இல் இருந்து அந்தக் கட்சி யாரை நிறுத்தினாலும் முதல் கேள்வி இந்த ஓட்டுதான். அந்த வருட அதிபர் வேட்பாளர் கெர்ரி, போருக்கான 87 பில்லியன் டாலர் ஒதுக்கீட்டுக்கு முதலில் ஆதரவாக ஓட்டுப் போட்டு அப்புறம் எதிராகப் போட்டேன் என்று தன் வாயாலேயே சொல்லி மாட்டிக்கொண்டார். 2008-இல் ஒபாமா ஹிலாரியைத் தாண்டியதற்குப் பாதிக் காரணம், 2002-இல் அவர் செனட்டிலேயே இல்லை, சிகாகோவில் ஒரு கூட்டத்தில் போரை எதிர்த்துப் பேசிவிட்டு மாநிலச் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுப் போடும் இடத்தில் இல்லாதவருக்கே கை சுத்தம்.

குடியரசுக் கட்சியும் சளைத்ததில்லை. 2005 நவம்பரில் ஜான் மர்தா, பென்சில்வேனியாக்காரர், வியட்நாமில் சண்டை போட்ட மரீன், ராணுவத்துக்குக் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பவர், எழுந்து நின்று படையைத் திருப்பி அழையுங்கள் என்றார். மறுநாளே அவர் சொன்னதைத் திரித்து, "உடனே வெளியேறு" என்று ஒரு தீர்மானத்தைக் குடியரசுக் கட்சியே கொண்டுவந்து ஓட்டுக்கு விட்டது, எதிர்க்கட்சியைச் சங்கடத்தில் மாட்டுவதற்காக. 403-3 என்று தோற்றது. அந்த மூன்று பேரில் மர்தா கூட இல்லை.

கூத்தன்குளம்:

அரசியல் சாசனப்படி கஜானா சாவி நாடாளுமன்றத்திடம்தானே? 2007-இல் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது. காலக்கெடு, தர்க்கம் எல்லாம் விட்டுவிட்டுப் பணமே கொடுக்க மாட்டோம் என்று சும்மா உட்கார்ந்திருந்தால் வீட்டோ செய்ய என்ன இருக்கிறது? மசோதாவே இல்லையே. எனக்கு இது புரியவே இல்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கணக்கு:

நல்ல கேள்வி. சட்டப்படி முடியும். 1973-இல் வியட்நாம், கம்போடியா விஷயத்தில் செய்தும் இருக்கிறார்கள், ஆகஸ்ட் 15க்குப் பிறகு குண்டு போடப் பணம் கிடையாது என்றார்கள், குண்டு நின்றது. ஆனால் அப்போது தரைப்படை திரும்பி வந்துவிட்டது. 2007-இல் ஒரு லட்சத்துக்கு மேல் பேர் களத்தில் இருக்கும்போது பணத்தை நிறுத்தினால் "நம் பிள்ளைகளுக்குத் தோட்டா கொடுக்க மறுத்தவர்கள்" என்று அடுத்த தேர்தல் விளம்பரம் தயார். அந்தப் பயம்தான்.

என்ன நடந்தது பாருங்கள். வீட்டோவை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கீழவையில் 222-203தான் வந்தது. மே 24 அன்று காலக்கெடு இல்லாமலேயே பணம் கொடுத்துவிட்டார்கள். கீழவை 280-142, செனட் 80-14. வேடிக்கை என்னவென்றால் ஜனநாயகக் கட்சி நடத்தும் கீழவையில் அந்தக் கட்சியில் பெரும்பாலோர் எதிர்த்து ஓட்டுப் போட, குடியரசுக் கட்சி ஓட்டில் அது நிறைவேறியது. தலைமை மேசையில் வைத்துக் கொடுத்தது, உறுப்பினர்கள் எதிர்த்துவிட்டு ஊருக்குப் போய் எதிர்த்தோம் என்றார்கள். அதிபர் தேர்தலில் நின்ற ஹிலாரியும் ஒபாமாவும் வேண்டாம் என்று போட்டார்கள், பைடன் வேண்டும் என்று போட்டார்.

மணல்மேடு:

செனட் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயருக்கு 51-49. அதில் ஒருவர் மூளையில் ரத்தக்கசிவு வந்து மருத்துவமனையில், இன்னொருவர் லீபர்மன். போரை ஆதரித்ததற்காகச் சொந்தக் கட்சி உள்தேர்தலில் 2006-இல் தோற்று, சுயேச்சையாக நின்று ஜெயித்து வந்தவர், போர் என்று வந்தால் புஷ் பக்கம்தான். அதற்கு மேல் விவாதத்தை முடிக்கவே 60 ஓட்டு வேண்டும் என்ற அவர்களுடைய விதி.

ஜூலையில் ஹேரி ரீட் ஒரு கூத்து நடத்தினார், ராத்திரி முழுக்க செனட்டை நடத்துகிறேன் என்று மடக்குக் கட்டிலெல்லாம் கொண்டுவந்து போட்டார்கள், கேமராக்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தன. விடிந்ததும் படை விலக்கம் பற்றிய விவாதத்தை முடிக்க ஓட்டு 52-47. அறுபது வரவில்லை. கட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

டெக்சாஸ்_மாமா:

அந்தக் கட்டில் கூத்தை நானும் பார்த்தேன். ஆனால் அதே வருடம் செப்டம்பரில் நடந்த வேறு ஓர் ஓட்டைப் பற்றி யாருமே பேசவில்லை, எனக்கு அதுதான் உறுத்தல், இத்தனைக்கும் நான் புஷ் பக்கம் பேசுகிறவன். வர்ஜீனியா செனட்டர் ஜிம் வெப், வியட்நாம் மரீன், மகனும் ஈராக்கில் மரீனாக இருந்தவன், தேர்தல் பிரசாரம் முழுக்க மகனுடைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு திரிந்தவர். அவர் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு வீரன் எத்தனை மாதம் களத்தில் இருந்தானோ அத்தனை மாதமாவது வீட்டில் இருக்க விடுங்கள். தேதியும் இல்லை, தோல்வியும் இல்லை. 56-44 வந்தும் அறுபது இல்லை என்று விழுந்தது.

ஏன் உறுத்தல் என்றால், அப்போது நான் கில்லீனில் இருந்தேன். ஃபோர்ட் ஹூட் ராணுவ முகாம் ஊர், தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு பட்டாளத்து வீடு. பக்கத்து வீட்டு சார்ஜென்ட் 2006 கடைசியில் இரண்டாம் முறையாகப் போனார். ஏப்ரலில் கேட்ஸ், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர், பன்னிரண்டு மாதம் இனிமேல் பதினைந்து மாதம் என்று அறிவித்தார். அந்த வீட்டம்மா சமையலறைச் சுவரில் காகிதச் சங்கிலி ஒன்று தொங்கவிட்டிருந்தார்கள், தினமும் பிள்ளை ஒரு வளையம் கிழிக்கும், கடைசி வளையம் கிழிந்தால் அப்பா வருவார் என்று. அறிவிப்பு வந்த வாரம் கலர் பேப்பர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இன்னும் தொண்ணூறு வளையம் ஒட்ட வேண்டுமே. என் மனைவி கொலுவுக்கு வாங்கி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

கூத்தன்குளம்:

மாமா, நீங்கள் எந்தப் பக்கம் என்றே எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது.

ஓய்வூதியன்:

இளைஞர்களே, இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2003-இல் இந்தியாவையும் ஒரு டிவிஷன் படையை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டது, வடக்கு ஈராக்குக்கு. வாஜ்பாய் அரசில் சிலருக்கு ஆசையும் இருந்தது. ஜூலை 14 அன்று ஐ.நா. ஆணை இல்லாமல் முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அதற்கு முன் ஏப்ரலில் நம் நாடாளுமன்றத் தீர்மானத்தில் இந்தியில் "நிந்தா" என்று, அதாவது கண்டனம் என்று, காரமாகவும் ஆங்கிலத்தில் வருத்தம் தொனிக்கும் மிதமான சொல்லாகவும் போட்டு இரண்டு பக்கத்தையும் சமாளித்தார்கள், அது தனிக் கலை. மறுத்ததற்குப் பின்னால் இலங்கை ஞாபகம் இல்லாமல் இருந்திருக்காது என்பது என் எண்ணம். 1987-இல் அமைதிப் படை என்று போய், 1990 மார்ச்சில் திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல் கிளம்பியபோது ஏறக்குறைய 1,200 பேரை இழந்திருந்தோம். ராஜீவ் அனுப்பினார், பிரேமதாசா போகச் சொன்னார், வி.பி.சிங் திருப்பி அழைத்தார், சென்னையில் வரவேற்கக் கலைஞர் போகவில்லை. அனுப்பியவர் ஒருவர், அழைத்தவர் ஒருவர் என்று பேசுகிறீர்களே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

நிலாமுற்றம்:

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், அதற்குத் தனி இழை போடுங்கள், நானே முதல் ஆளாக வருகிறேன். இங்கே திறந்தால் ஈராக் பேச்சு அத்தோடு போய்விடும். கலைஞர் ஏன் போகவில்லை என்பதற்கு யாழ்ப்பாணத்தில் நடந்தவற்றைப் பேசாமல் பதில் இல்லை, அதை நாலு வரியில் பேசவும் முடியாது.

ஓய்வூதியன்:

சரியம்மா. போடுகிறேன்.

டெக்சாஸ்_மாமா:

மணல்மேடு தம்பி 2011-ஐ லேசாகத் தாண்டிவிட்டார், அங்கே வருகிறேன். புஷ் போட்ட ஒப்பந்தம் கடைசி வார்த்தை என்று அப்போது வாஷிங்டனில் யாரும் நினைக்கவில்லை. காலம் முடியும் முன் இன்னொன்று பேசி சில ஆயிரம் பேரை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம், ஒபாமாவின் ஆட்களே 2011 முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அழுத்திப் பிடித்திருந்தால் முடிந்திருக்கும். பிடிக்க மனசில்லை, ஏனென்றால் அடுத்த வருடம் தேர்தல். 2012-இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னியோடு நேருக்கு நேர் விவாதத்தில் படையை முழுசாகக் கொண்டுவந்ததைத் தன் சாதனையாகப் பேசியவர், 2014 ஆகஸ்டில் நிருபர் கேட்டபோது அது என் முடிவா என்ன என்கிற மாதிரி பேசினார். சாதனையென்றால் என்னுடையது, சறுக்கினால் ஈராக்கியர்களுடையது. இதற்கு என்ன பதில்?

மணல்மேடு:

அந்த இடத்தில் பதில் இல்லை மாமா, ஒத்துக்கொள்கிறேன். 2012-லும் 2014-லும் அவர் பேசியது ஒன்றுக்கொன்று ஒட்டாது.

ஆனால் அழுத்திப் பிடித்திருந்தால் முடிந்திருக்கும் என்பதை ஏற்க மாட்டேன். முட்டுக்கட்டை எண்ணிக்கை இல்லை, சட்டப் பாதுகாப்பு. அமெரிக்க வீரன் ஈராக்கில் குற்றம் செய்தால் ஈராக் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று அவர்கள் நாடாளுமன்றம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது அமெரிக்கா. அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளை வதைத்த படங்களைப் பார்த்த நாட்டில் எந்த எம்.பி. அதற்குக் கை தூக்குவான்? 2010 ஈராக் தேர்தலில் முன்னாள் பிரதமர் அலாவியின் அணிக்கு 91 இடம், மாலிகிக்கு 89. இரண்டாம் இடம் வந்தவர் மறுபடி பிரதமர் ஆனது சதர் ஆட்கள் தோள் கொடுத்ததால். சதருக்கோ அமெரிக்கன் ஒருவன்கூட இருக்கக் கூடாது. மாலிகி எப்படிக் கேட்பார்?

வாஷிங்டனில் இரண்டு கட்சியும் ஐந்து வருடம் தேதிக்காக அடித்துக்கொண்டார்கள், கடைசியில் தேதியைப் பிடித்து வைத்தது பாக்தாத் நாடாளுமன்றம். இங்கே 60 ஓட்டு, 67 ஓட்டு என்று எண்ணினார்கள், அங்கே ஒருவர்கூடக் கை தூக்கவில்லை, விஷயம் முடிந்தது.

நிலாமுற்றம்:

இதோடு இன்னொன்று. கடைசி வண்டி எல்லை தாண்டியது டிசம்பர் 18. டிசம்பர் 19 அன்று மாலிகி அரசு சன்னி துணை அதிபர் ஹாஷிமிக்குக் கைது வாரண்ட் எடுத்தது. ஒரே நாள் இடைவெளி. அந்த 300 டாலர் காவல்படை ஆட்களை அரசு வேலையில் சேர்ப்பதாகச் சொன்ன வாக்கும் பெரும்பாலும் காற்றில் போனது. 2014 ஜூன் 10 அன்று மொசுல் விழுந்தபோது அங்கே இருந்த ஈராக் ராணுவம் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடியது. அவர்களுக்குப் பல வருடம் பயிற்சி கொடுத்தது யார்? ஐந்தாயிரம் அமெரிக்கர்கள் முகாமுக்குள் இருந்திருந்தால் மாலிகி நல்லவர் ஆகியிருப்பாரா? எனக்குத் தெரிந்து 2011-க்கு முன்பே அவர் அப்படித்தான், அப்போது ஐம்பதாயிரம் பேர் இருந்தார்கள்.

அந்த ஜூன், ஜூலையில் திக்ரித் மருத்துவமனையில் மாட்டிக்கொண்ட 46 செவிலியர்கள் கொச்சியில் வந்து இறங்கியது ஞாபகம் இருக்கும், பெரும்பாலும் மலையாளிப் பெண்கள். மொசுலில் மாட்டிய 39 இந்தியத் தொழிலாளர்கள் வரவில்லை, இறந்துவிட்டார்கள் என்று அரசு சொல்லவே 2018 ஆனது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த நாட்களில் புஷ் தப்பா ஒபாமா தப்பா என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய_கணக்கு:

கட்சி மாறாமல் மனசு மாறிய ஓர் ஆளைச் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. வால்டர் ஜோன்ஸ், வட கரோலினா, குடியரசுக் கட்சி. 2003-இல் பிரான்ஸ் போரை எதிர்த்த கோபத்தில் நாடாளுமன்ற உணவகத்தில் "ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்" பெயரை "ஃப்ரீடம் ஃப்ரைஸ்" என்று மாற்ற வைத்தவர்களில் ஒருவர். அப்புறம் தன் தொகுதியில் ஒரு வீரனின் இறுதிச் சடங்குக்குப் போனார், திரும்பி வந்தவர் வேறு ஆள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார், ஆயிரக்கணக்கில், 2019-இல் சாகும் வரை. 2007 காலக்கெடு மசோதாவின் கடைசி வடிவத்துக்குக் கீழவையில் ஆதரவாக ஓட்டுப் போட்ட இரண்டே இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்களில் அவர் ஒருவர். கேம்ப் லெஜூன் மரீன் முகாம் அவர் தொகுதியில்தான். ஆனாலும் திரும்பத் திரும்ப ஜெயித்தார்.

கூத்தன்குளம்:

மாமா, அந்த சார்ஜென்ட் என்ன ஆனார்? திரும்பி வந்தாரா? படை விலக்கம் பற்றி அவர் என்ன சொன்னார் என்று தெரிந்தால் நாங்கள் அடித்துக்கொள்வதை விட்டுவிடலாம்.

டெக்சாஸ்_மாமா:

வந்தார். 2008 ஆரம்பத்தில், முழுசாக. சங்கிலியில் நாலைந்து வளையம் மிச்சம் இருந்தது, பிள்ளை எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் கிழித்தது. சில வருடத்தில் ஓய்வு வாங்கிக்கொண்டு அவரும் ஆஸ்டின் பக்கம் குடி வந்துவிட்டார்.

மொசுல் விழுந்த வாரம் அவரைப் பார்க்கப் போனேன். நான்தான் செய்தியை எடுத்தேன், ஒபாமாவை நாலு திட்டுத் திட்டினேன், அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து. கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், உன் வீட்டுப் புல்வெட்டி பிளேடு எந்தக் கடையில் வாங்கினாய், என்னுடையது மழுங்கிவிட்டது என்றார். கடை பேரைச் சொன்னேன். வாசலில் நின்று அரை மணி நேரம் பிளேடைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.